ஐயம்பேட்டையிலிருந்து ஓர் ஐயம்

ஐயம்பேட்டையிலிருந்து அன்பர் ஒருவர் ஓர் ஐயத்தைக் கிளப்பிக் கடிதம் எழுதியிருக்கிறார். தஞ்சாவூர் ஜில்லாவில் உள்ள ஐயம்பேட்டை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். இது காஞ்சீபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை. தறியின் ஓசையோடு பொழுது விடிகிற ஊர். அன்பர் தறியில் அமர்ந்து நெய்கிறவர் அல்லர். நெய்கிறவர்களுக்காகப் புடவைக் கரையையும் முந்தானையையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவர். அவர் எழுதுவதாவது:

"வைரஸுக்குப் பயந்து தடுப்பு மென்பொருள் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கிப் போட்டேன். அது வந்த நாள் முதல் கம்ப்யூட்டர் நத்தையாகிவிட்டது. ஒரு முந்தானையின் கோப்பைத் திறப்பதற்குள் காப்பி ஆறிப் போகிறது. ஆகையால் அதை நிறுத்திவிட்டேன். இப்போது வேகம் இருக்கிறது, நிம்மதி இல்லை. இரண்டும் சேர்ந்து இருக்க வழி உண்டா?"

வழி உண்டு. ஆனால், அதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் மிகவும் முக்கியமான வாக்கியம், "அதை நிறுத்திவிட்டேன்" என்பதுதான். காவல் மென்பொருளின் வேகத்தைப் பற்றிப் பேசினால், "பாதுகாப்பு வேண்டுமானால் கொஞ்சம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போல இருக்கிறது. ஆனால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வதில்லையே! சுமக்க முடியாத கவசத்தை வீரன் முதல் நாளே கழற்றி எறிந்துவிடுகிறான். பிறகு அந்தக் கவசம் எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன பயன்? ஆகவே, கம்ப்யூட்டருக்குக் காவல் தேடுகிறவர்கள் இலேசான காவலைத் தேடுவது சோம்பேறித்தனம் அன்று. காவல் நிலைத்து நிற்பதற்கு அதுவே முதல் நிபந்தனை.

காவல் அவசியந்தானா?

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் பழைய உறவு உண்டு. பிரெஞ்சு தேசத்து லியோன் நகரில் 1804-ஆம் ஆண்டு வாக்கில் ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பட்டுத் தறியில் பூ வேலை செய்ய வழி கண்டார். பின்னால் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்கு உத்தரவு கொடுக்கும் உபாயத்தை அந்த அட்டைகளிலிருந்தே எடுத்துக்கொண்டார். அட்டைக்கு வைரஸ் பிடிப்பதில்லை; கரையான்தான் பிடிக்கும். கம்ப்யூட்டர் கோப்புக்குக் கரையான் பிடிப்பதில்லை, வைரஸ் பிடிக்கும். சொத்து எந்த உருவத்தில் இருந்தாலும் அதற்கு ஏற்ற சத்துரு ஒன்று இருந்தே தீரும் போலிருக்கிறது.

ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களைப் பிடித்த முதல் வைரஸ், லாகூரில் இரண்டு சகோதரர்கள் 1986-ஆம் ஆண்டில் எழுதிய 'பிரெயின்' என்பது. அவர்கள் தங்கள் விலாசத்தையும் டெலிபோன் எண்ணையும் அதற்குள்ளேயே எழுதிவைத்து, தடுப்பு மருந்துக்குத் தங்களை அணுகும்படியும் சொல்லியிருந்தார்கள்! அது செய்த தீமை, பிளாப்பித் தட்டை மந்தமாக்கியதற்கு மேல் அதிகமில்லை. அந்த நாளில் மந்தம் வைரஸின் லட்சணமாக இருந்தது. இந்த நாளில் தடுப்பு மருந்தின் லட்சணமாகிவிட்டது என்பதுதான் நம் அன்பரின் புகார்.

இன்றைய வைரஸ்களோ விலாசம் கொடுப்பதில்லை, பணம் கேட்கின்றன. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வன்னாக்ரை' என்பது சில நாட்களுக்குள் சுமார் 150 தேசங்களில் பரவி, கம்ப்யூட்டர்களில் இருந்த கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவிக்கு 300 டாலர் கேட்டது. திருப்பதி தேவஸ்தானத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் அதில் அகப்பட்டன என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. விசேஷம் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனி அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டுவிட்டது. திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

டிசைன் வரைகிறவர் வீட்டில் ஆபத்து நுழையும் வாசல்கள் இரண்டு. ஒன்று, பென்டிரைவ். வரைகிறவரிடமிருந்து அட்டை குத்துகிறவருக்கும், அங்கிருந்து முதலாளி வீட்டுக்கும், மறுபடி இங்கும் அது ஊர் சுற்றி வருகிறது. போன இடத்துத் தூசியையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறது. இரண்டாவது, விலை கொடுக்காமல் பெற்ற திருட்டு மென்பொருள். அதனுடன் வரும் குறிப்பில், "போடும்போது வைரஸ் தடுப்பை நிறுத்திவைக்கவும்" என்று எழுதியிருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். "நான் வரும்போது நாயைக் கட்டிவிடுங்கள்" என்று திருடன் கடிதம் எழுதினால் நாம் கட்டிவிடுவோமா?

புடவை ஒன்று கெட்டுப் போனால் அந்தப் புடவையோடு நஷ்டம் போய்விடும். பத்து ஆண்டு வரைந்து சேர்த்த டிசைன்கள் பூட்டப்பட்டுவிட்டால், அவற்றை நம்பி நூல் வாங்கிய தறிக்காரர் வரையில் எல்லோருக்கும் நஷ்டம். ஆகவே, காவல் அவசியந்தான்.

மந்தம் எங்கிருந்து வருகிறது?

காஞ்சீபுரத்துக் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. நெசவாளருக்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவரும் உட்கார்ந்திருக்கிறார். நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒரு மேஸ்திரி குனிந்து, நூலைத் தொட்டுப் பார்த்து, "சரி, ஓட்டு" என்று சொன்ன பிறகே அடுத்த ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறையில்லாத புடவைதான் வரும். ஆனால் முகூர்த்தம் முடிந்த பிறகு வரும்.

தடுப்பு மென்பொருள் செய்கிற வேலை இதுவே. ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போதும், எழுதும்போதும், பிரதி எடுக்கும்போதும் நடுவில் புகுந்து பார்க்கிறது. தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிடுகிறது. சந்தேகம் தோன்றினால் கோப்பின் நடத்தையைத் தனியறையில் வைத்து ஆராய்கிறது. அப்பொழுதும் தீராவிட்டால் இன்டர்நெட் வழியாகத் தன் கம்பெனியைக் கேட்டுக்கொள்கிறது.

கெட்டிக்கார மேஸ்திரி எப்படி நடந்துகொள்வார்? காலையில் பார்த்த நூற்கண்டை மாலையில் மறுபடி பார்க்கமாட்டார். அது மாறியிருந்தால்தான் பார்ப்பார். நம்பிக்கையான இடத்திலிருந்து முத்திரையோடு வந்த சரக்கை அதிகம் கிளறமாட்டார். பெரிய சோதனைகளை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்துக்கு ஒத்திவைப்பார். இலேசான மென்பொருளுக்கும் கனமான மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் இருக்கிறது. காவல் குறைவதால் வேகம் வருவதில்லை; வீண் வேலை குறைவதால் வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய கம்ப்யூட்டர்களில் கோப்புகள் சுழலும் தட்டில் இருக்கின்றன. அதைப் படிக்கும் கரம் ஒரே சமயத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். டிசைன் மென்பொருள் ஒரு பக்கம் இழுக்க, காவல் மென்பொருள் மறுபக்கம் இழுக்க, கரம் இங்கும் அங்கும் அலைகிறது. எஸ்.எஸ்.டி. என்ற புதுவகைச் சேமிப்பில் அசையும் பாகமே இல்லாததால் இந்த அலைச்சல் கிடையாது. அதனால்தான் ஒரே மென்பொருளை ஒருவர் "காற்றைப் போல் இருக்கிறது" என்றும், இன்னொருவர் "கல்லைப் போல் இருக்கிறது" என்றும் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை!

மூன்றாவது காரணம், ஒரே வீட்டுக்கு இரண்டு காவல்காரர்களை நியமிப்பது. ஒருவன் திறந்த கோப்பை மற்றவன் சந்தேகிக்கிறான்; இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்; வாசல் திறந்து கிடக்கிறது. புதியதைப் போடுவதற்கு முன் பழையதை முற்றிலும் நீக்கிவிட வேண்டும். பெரிய கம்பெனிகள் தங்கள் சரக்கைச் சுத்தமாக நீக்குவதற்கென்றே தனிக் கருவிகளை இனாமாக வைத்திருக்கின்றன.

எடை போடுகிற இடங்கள்

எது இலேசு, எது கனம் என்பதை விளம்பரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. விளம்பரத்தில் எல்லாமே இலேசுதான். ஆனால், தராசு பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட இரண்டு நிலையங்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன. ஒன்று, ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரக் நகரத்து 'ஏவி-கம்பாரடிவ்ஸ்'. மற்றொன்று, ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்து 'ஏவி-டெஸ்ட்'. கோப்புகளைப் பிரதி எடுத்தல், மென்பொருளைப் போடுதல், திறத்தல், இன்டர்நெட்டிலிருந்து இறக்குதல் முதலிய காரியங்களுக்கு, காவல் இல்லாதபோது எவ்வளவு நேரம் ஆகிறது, இருக்கும்போது எவ்வளவு ஆகிறது என்று அளந்து, முடிவுகளை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். ஏவி-டெஸ்ட் நிலையம் பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, தொந்தரவில்லாமைக்கு 6 என்று மொத்தம் 18 மார்க்குக்குப் பரீட்சை வைக்கிறது.

இந்த மார்க்குகளைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். வேகத்துக்கு நல்ல மார்க்கு வாங்கியது பாதுகாப்பில் தோற்றிருந்தால் அது தூங்கும் காவல்காரன். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அடுத்து, இன்ஸ்ப்ரக் நிலையத்தார் சோதனைக்கு விலை குறைந்த கம்ப்யூட்டரையே எடுத்துக்கொண்டாலும், அதில் எஸ்.எஸ்.டி. இருக்கிறது. சுழலும் தட்டு உள்ள கம்ப்யூட்டரில் பலன் வேறாக இருக்கலாம்.

சுதேசிச் சரக்கு உண்டா?

இந்தப் பத்திரிகையின் நேயர்கள் அடுத்தபடி என்ன கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியும். உண்டு, அதிலும் ஒன்று நம் சென்னையிலேயே உண்டு. ஜே. கேசவர்தனன் 1991-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய கே-7 என்ற கம்பெனியின் சரக்கு ஜப்பான் தேசம் வரையில் போயிருக்கிறது. மேலே சொன்ன இன்ஸ்ப்ரக் நிலையத்தின் வேகச் சோதனைகளில் மிக இலேசானவற்றின் வரிசையில் அது பலமுறை இடம் பெற்றிருக்கிறது. புனாவில் கால்குலேட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் காட்கரும் அவர் தம்பி சஞ்சய் காட்கரும் வளர்த்த 'குவிக் ஹீல்' நாடெங்கும் தெரிந்த பெயர். பம்பாயில் 'ஈ-ஸ்கான்' இருக்கிறது.

நம்மவர் சரக்கு என்பதற்காகச் சோதிக்காமல் வாங்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். ஈ-ஸ்கானின் புதுப்பிப்புகள் பாதுகாப்பில்லாத வழியில் அனுப்பப்பட்டதால், அந்த வழியிலேயே தீயவர்கள் நுழைந்தார்கள் என்பதை 2024-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். குறை தெரிவிக்கப்பட்டபின் அது திருத்தப்பட்டது. கதர் வாங்குகிறவர் இழையைப் பிரித்துப் பார்த்து வாங்கினால்தான் கதரும் தரம் உயரும். ஆனால், தராசில் நிறுத்த பிறகு நம் ஊர்ச் சரக்கு மேலே நிற்கும்போது, அதைத் தள்ளிவிட்டு அந்நியச் சரக்குக்குப் போவதற்கு நியாயமே இல்லை.

இனாமாகக் கிடைப்பவை

விண்டோஸ் கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒன்றும் வாங்காவிட்டாலும் காவல் உண்டு. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு டிபெண்டர் என்ற தடுப்பு உள்ளேயே வருகிறது. வேறொரு மென்பொருளைப் போட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். அதை நீக்கினால் தானே விழித்துக்கொள்ளும். மின்சாரக் கணக்கும் பிள்ளைகளின் பாடமும் பார்க்கிற சாதாரணக் குடும்பத்துக்கு இதுவே போதும் என்பது நம் அபிப்பிராயம். வேகத்தில் இது எப்போதும் முதல் வரிசை என்று சொல்ல முடியாது. ஏராளமான கோப்புகளைப் பிரதி எடுக்கிறவர்கள் அதை உணரக்கூடும்.

வெளியிலிருந்து இனாமாக வருகிறவற்றில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். கூலி வாங்காத காவல்காரன் எதைத் தின்று ஜீவிக்கிறான் என்று கேட்க வேண்டாமா? புகழ் பெற்ற 'அவாஸ்ட்' கம்பெனி, தன்னை நம்பியவர்கள் இன்டர்நெட்டில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரத்தைத் துணைக் கம்பெனி மூலம் விற்றதற்காக, அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் 2024-இல் 165 லட்சம் டாலர் செலுத்த வைத்தது.

பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் பெரிய பொட்டலத்தைக் கேட்க வேண்டாம். 'டோட்டல்', 'பிரீமியம்' என்ற பெயர்களில் வருகிறவற்றில் சுத்தம் செய்யும் கருவி, வேகம் கூட்டும் கருவி, கடவுச்சொல் பெட்டி என்று பல பரிவாரங்கள் சேர்ந்து வந்து நினைவகத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. காவல்காரனை அழைத்தால் அவன் குடும்பத்தோடு வந்து குடியேறியது போல! வைரஸ் தடுப்பு மட்டும் உள்ள சிறிய பொட்டலமே போதும். முதல் ஆண்டு விலையோடு இரண்டாம் ஆண்டு விலையையும் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

ஐரோப்பியத் தராசைவிட உங்கள் வீட்டுக் கடிகாரம் மேலானது. பல கம்பெனிகள் ஒரு மாதம் வரை பரீட்சார்த்தமாக உபயோகிக்க அனுமதிக்கின்றன. அதற்குள் மூன்று காரியங்களுக்கு நேரம் பாருங்கள். கம்ப்யூட்டரைப் போட்டது முதல் வேலை தொடங்கும் வரை எவ்வளவு? உங்களிடம் உள்ள மிகப் பெரிய டிசைன் கோப்பு திறக்க எவ்வளவு? பென்டிரைவிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கோப்புகளைப் பிரதி எடுக்க எவ்வளவு? ஒவ்வொன்றையும் நான்கு தடவை செய்து முதல் தடவையை விட்டுவிடுங்கள். புதிதாகப் பார்க்கும் கோப்புக்கு எந்தக் காவலும் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். இப்படியே டிபெண்டருடன் ஒரு முறை, வாங்க நினைப்பதுடன் ஒரு முறை கணக்கிட்டால், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் என்ற பலகை திறக்கும். கம்ப்யூட்டர் திணறும் சமயத்தில் அதில் டிஸ்க் என்ற பத்தி 100-ஐத் தொட்டுக்கொண்டே நின்றால், குற்றம் காவலுடையது மட்டும் அன்று. தட்டுக்கும் அதில் பங்கு உண்டு. அப்படியானால் மென்பொருளுக்குச் செலவழிக்க எண்ணிய பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எஸ்.எஸ்.டி. போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் 2011 முதல் கொடுத்த மடிக்கணினிகளை வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களும் இதனால் பலன் அடையலாம்.

காவல் விழித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் உபாயம் உண்டு. 'ஐகார்' என்று ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்டது. ஒரு தீங்கும் செய்யாது. இதைக் கண்டால் கூச்சலிட வேண்டும் என்று உலகத்துத் தடுப்பு மென்பொருள்களெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதைச் சேமிக்க முயன்றும் சத்தம் வராவிட்டால், உங்கள் காவல்காரன் இலேசாக இருப்பதற்குக் காரணம் அவன் அங்கே இல்லாததுதான்!

முழுச் சோதனையை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒழுங்கு செய்துவிடுங்கள். டிசைன் பெட்டியைச் சோதனையிலிருந்து விலக்கினால் வேகம் கூடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கூடும், ஆனால் வீட்டில் நகை இருக்கும் அறைக்கு மட்டும் காவல் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒப்பாகும். பென்டிரைவை ஒருபோதும் விலக்கக்கூடாது. விண்டோஸ் 10-க்குச் சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதையும் மறக்கக்கூடாது. சுவரில் உள்ள விரிசலைக் காவல்காரன் அடைக்கமாட்டான்.

காவல்காரன் தடுக்கி விழுந்தால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2024 ஜூலை 19-ஆம் தேதி 'கிரௌட்ஸ்டிரைக்' என்ற கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த குறையுள்ள புதுப்பிப்பு ஒன்றினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆகையால், எந்தக் காவலையும் முற்றும் நம்பி உறங்குவதற்கில்லை. கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். பிரதி எடுத்த தட்டை உடனே கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஐயம்பேட்டை அன்பருக்கு நாம் சொல்லும் முறை இதுதான். நிறுத்திவைத்திருக்கும் மென்பொருளை முற்றிலும் நீக்கிவிடுங்கள். டிபெண்டர் விழித்துக்கொண்டதா என்று பாருங்கள். டிசைன்களை ஒரு தனித் தட்டில் பிரதி எடுத்து உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள். இவை மூன்றும் இன்று மாலைக்குள் ஆக வேண்டியவை. காசு அதிகம் வேண்டாதவை. எது இலேசு, எதை வாங்கலாம் என்ற ஆராய்ச்சியைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் முழுவதும் நிதானமாகச் செய்யலாம். ஆனால் காவல் இல்லாமல் இன்னும் ஓர் இரவு மட்டும் கழிய வேண்டாம்.